நத்தார் வீட்டுச் சின்னவன்

மார்கழியில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மழை விட்டுவிட்டுப் பெய்யும். கிடுகு வேலிகள் நனைந்து கறுத்து நிற்கும். முற்றத்து மணல் ஈரம் உலராமற் கிடக்கும். கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் இளவாலை போன்ற ஊர்களில் அந்த ஈரவாடையினூடே வேறொரு மணமும் எழும். வறுத்த ரவையும், பிளம்ஸும், ஏலமும், கராம்பும், சீனிப்பாகிலிட்ட நீற்றுப் பூசணியும் ஒன்றாய்க் கலந்த மணம் அது. நத்தார் வருகின்றதென்று நாட்காட்டி சொல்லுமுன் மூக்குச் சொல்லிவிடும். நத்தார் என்னும் சொல்லே போத்துக்கேயர் விட்டுச் சென்றது. கேக் வேகின்ற போறணையும், பலகாரம் பூட்டி வைக்கின்ற அலுமாரியும், கோயிலுக்குப் போட்டுச் செல்கின்ற சப்பாத்தும் அவர்கள் விட்டுச் சென்ற சொற்களே. கோட்டையைப் பிடித்தவர்கள் போய்விட்டார்கள், அலுமாரி நிற்கின்றது.

இப்பண்டிகை ஒரு குழந்தையின் பிறப்பைக் கொண்டாடுவது. ஆயினும், பண்டிகை வீட்டில் நடை பழகிய குழந்தை ஒன்று இருந்துவிட்டால், வேலை செய்வோர் எல்லோரும் அதனை ஓர் இடையூறென்றே கருதுவர். "இவனை ஆராவது கொண்டு போங்கோவன்" என்ற குரல் அடுக்களையிலிருந்து நாளொன்றுக்கு இருபது முறை எழும். 1963ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில், இளவாலையில் ஒரு வீட்டில், அவ்வாறு கொண்டு போகப்பட்டும் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்த ஒரு சிறுவனைப் பற்றியதே இப்பேச்சு. அவனுக்கு வயது ஒன்றும் நான்கு மாதமும். ஞானஸ்நானப் பெயர் மிக நீண்டது. வீட்டில் உள்ளோருக்கு அவன் சின்னவன்.

அவ்வீட்டில் அவனுடைய தாயும், தாயைப் பெற்ற ஆச்சியும், எட்டு வயதுத் தமக்கையும் இருந்தனர். தந்தையார் கொழும்பில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் இலிகிதர். வெள்ளவத்தையில் வேறு உத்தியோகத்தர் மூவரோடு ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தார். அரசாங்கம் தரும் புகைவண்டி வாரண்டுகளைக் கணக்குப் பார்த்துச் செலவிட்டு, ஆண்டில் மூன்று முறை ஊருக்கு வருவார். அக்காலத்தில் இத்தகைய குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ இருந்தன. உழைப்பவர் கொழும்பில், மனைவி மக்கள் ஊரில், இருவர்க்கும் இடையே தபாற்காரர். ஆகஸ்டு மாதத்திற் சின்னவனுடைய முதற் பிறந்த நாளுக்கு வந்து நான்கு நாள் நின்று சென்றார். அப்போது அவன் கதிரைக் காலைப் பற்றி எழுந்து நிற்கும் பருவம். நடக்கத் தொடங்கிய செய்தி பின்னர்க் கடிதமாகவே அவருக்குப் போயிற்று. "சின்னவன் ஆறு அடி நடந்தான், ஏழாவதில் விழுந்தான்" என்று தமக்கை தன் கைப்பட எழுதியிருந்தாள். அக்கடிதம் திணைக்களத்து மேசை லாச்சியில், கோவைகளுக்கு அடியில் இருந்தது.

நடை வந்ததன் பின்னர் அந்த வீட்டில் ஆச்சிக்கு ஓய்வில்லை. பலகாரத்துக்கும் சமையலுக்கும் ஆச்சி விறாந்தையிலிருந்து வெங்காயம் உரிப்பார். சின்னவன் விறாந்தை விளிம்பிற் குந்தியிருந்து, கடகத்திலுள்ள வெங்காயத்தை ஒவ்வொன்றாய் எடுத்து முற்றத்தில் விடுவான். எறிய மாட்டான், கையை நீட்டி விரலைத் திறந்து விடுவான். விட்டபின் குனிந்து, அது எங்கே போய் நிற்கின்றதென்று பார்ப்பான். முதலில் இருந்தபடி விடுவான். பின்பு எழுந்து நின்று விடுவான். பின்பு தலைக்கு மேல் உயர்த்தி விடுவான். ஆச்சி இறங்கிப் பொறுக்கிக் கடகத்திற் போட்டால், தனக்கு மீண்டும் வேலை தருகின்றார் என்று எண்ணி அவரைப் பார்த்து மகிழ்ந்து சிரிப்பான்.

வெங்காயத்தோடு நின்றிருந்தால் நன்று. கேக்குக்கென்று தாய் இருபது முட்டை எண்ணி ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்திருந்தாள். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிய வேளையில் ஒரு முட்டையும் விறாந்தை விளிம்புக்கு வந்து சேர்ந்தது. அது உருண்டு போகவில்லை. சின்னவன் நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது முட்டையும் அவ்வாறுதான் செய்கின்றதா என்று அவனுக்கு அறிய வேண்டியிருந்தது. மூன்றாவது முட்டையைக் கையில் எடுத்தபோது தாய் வந்துவிட்டாள். ஓங்கிய கையை ஆச்சி பிடித்துக்கொண்டார்.

சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே என்பவர் தம்முடைய மூன்று மக்களின் மழலைப் பருவத்தைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெழுதி, அவற்றைக்கொண்டு 1936இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏறத்தாழ ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரையுள்ள பிள்ளை, ஒரு செயலை வேண்டுமென்றே சிறிது சிறிதாக மாற்றிச் செய்து, விளைவும் மாறுகின்றதா என்று பார்க்கும் என அவர் கண்டார். பொருளைக் கீழே விடுவதும் அவர் கண்ட செயல்களில் ஒன்று. கையின் உயரத்தையும் இடத்தையும் மாற்றி மாற்றி அவருடைய மகனும் பொருள்களை விழவிட்டுப் பார்த்திருக்கின்றான். ஆய்வுகூடத்திலே ஒருவர் இதைச் செய்தாற் பட்டம் அளிக்கின்றார்கள். விறாந்தையிலே ஒருவன் செய்தாற் குறும்பு என்கின்றார்கள். பியாஜேயின் நூல் உடைந்த இரண்டு முட்டையின் விலையைத் திருப்பித் தரப்போவதில்லை என்பது உண்மையே. ஓங்கிய கையைச் சற்றுத் தாழ்த்த அது உதவலாம். ஆச்சி அந்நூலைப் படித்தவர் அல்லர். ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்.

பொருளை விழவிடுவதை அடுத்து அவனுக்கு விருப்பமான தொழில், ஒன்றினுள் ஒன்றை இட்டு மூடுவது. ஆச்சியின் மூக்குக்கண்ணாடி அரிசிப் பானைக்குள் இருந்தது. தமக்கையின் பென்சில்கள் உரலுக்குள் இருந்தன. கேக் கலவையைத் தட்டுக்களில் இட்டுப் பாண் போறணைக்குக் கொண்டு போகுமுன் ஆச்சி ஒவ்வொரு தட்டிலும் கரண்டியால் துழாவிப் பார்த்தார். அவர் செய்தது சரியே. சட்டைப் பொத்தான் ஒன்று அகப்பட்டது.

தந்தையார் டிசம்பர் 21ஆந் திகதி சனிக்கிழமை காலை இரவுத் தபால் வண்டியில் தெல்லிப்பழை நிலையத்தில் வந்திறங்கினார். படலையைத் திறந்தவுடன் தமக்கை ஓடிச்சென்று கையைப் பற்றினாள். சின்னவன் முற்றத்தின் நடுவே நின்றான். நான்கு மாதமாகத் தாம் கடிதத்தில் மாத்திரமே கண்ட நடையைத் தந்தையார் அப்போதுதான் கண்ணாற் கண்டார். கண்டதும் றங்குப்பெட்டியை ஈர மணலிலே வைத்துவிட்டு, இரண்டெட்டில் வந்து, அவனை அள்ளித் தூக்கினார். அயலவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்படி அவன் அலறினான். உடம்பை வில்லாய் வளைத்து ஆச்சியின் பக்கம் சாய்ந்தான்; இறக்கி விட்டதும் ஆச்சியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவர் புறக்கோட்டையில் வாங்கி வந்த தகர மோட்டார்க் காரும் பயன்படவில்லை. திறப்பைத் திருகி விட்டதும் அது இரைந்துகொண்டு ஓடிற்று. சின்னவன் மறுபடி அழுதான். கார் வந்த மட்டைப் பெட்டியை மாத்திரம் பிறகு வந்து எடுத்துச் சென்று, அதற்குள் இரண்டு வெங்காயத்தை இட்டு மூடினான். விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்களை வாங்கி அனுப்புவோர் இதனைக் கருத்திற் கொள்ளலாம். தந்தையாரோ கதிரையில் இருந்து தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாட் கூட இல்லாத லீவு. அதில் ஒரு நாள் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, நீங்கள் அவனைத் தூக்காதேயுங்கோ" என்றார் ஆச்சி. "கூப்பிடவும் வேண்டாம். பேசாமல் இருந்து பேப்பரைப் பாருங்கோ. அவன் உங்களைப் பார்த்து முடியட்டும்."

மருமகன் அதற்கு இசைந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் விறாந்தைக் கதிரையிற் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு இருந்தார். கதவு நிலையின் பின்னால் ஒரு கண்ணும் அரைக் கன்னமும் தோன்றி மறைந்தன. அவர் பத்திரிகையைச் சற்றுத் தாழ்த்தினார். கதவின் பின்னே ஓசை அடங்கியது. உயர்த்தினார்; மறுபடி கண் தோன்றியது. பத்திரிகை நாலாம் முறை தாழ்ந்தபோது "தோ!" என்றார், மெல்ல. கதவின் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. மாலையில் ஒரு வெங்காயம் உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. அவர் அதை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு ஓடிப்போனான். மடிக்கு வரவில்லை.

முகத்தை மறைத்துக் காட்டும் இவ்விளையாட்டு உலகத்தின் பல நாடுகளில் உண்டு. தாய்மார் அதற்குக் காரணம் கேட்பதில்லை. காரணம் இருக்கின்றது. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை, எங்கோ இருக்கின்றது என்னும் அறிவு குழந்தைக்குச் சிறிது சிறிதாகவே தெளிவடைகின்றது. விளையாட்டுப் பொருளின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினால், ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு முன் பிள்ளை அதைத் தேடாது என்று பியாஜே எழுதினார். 1985 முதல் வெளிவந்த வேறு ஆய்வுகள், கையாற் தேடத் தெரியுமுன்னரே, ஐந்து மாதப் பிள்ளைக்கும் அவ்வறிவின் தொடக்கம் உண்டென்று காட்டின. எவ்வாறாயினும், மறைவதும் மீள்வதும் ஒரு குழந்தைக்குச் சிறிய செய்தி அல்ல. தந்தை கொழும்பிலே இருக்கும் குழந்தைக்கு அது மிகப் பெரிய செய்தி.

அதே நாட்களில் தமக்கை பாலன் குடில் கட்டிக்கொண்டிருந்தாள். இத்தாலி நாட்டிலே கிரேச்சோ என்னும் ஊரில் 1223ஆம் ஆண்டு அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேம் காட்சியை அமைத்தார் என்பர். இளவாலையிற் கழுதைக்கு எங்கே போவது? சாக்கைச் சேற்றிலே தோய்த்துக் காயவிட்டு மலை ஆக்கினாள். பனையோலையாற் கூரை வேய்ந்தாள். பத்து நாளுக்கு முன்னரே சிரட்டைகளில் நெல் விதைத்து முளை வளர்த்து வயல் ஆக்கினாள். ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து இரண்டடி போனதும் சின்னவன் வந்து மலையைப் பிடித்து இழுத்தான். வயலிலிருந்த முளையைப் பிடுங்கிச் சுரூபமாய் நின்ற ஆட்டுக்கு ஊட்டினான்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைக்குச் சிற்றிற் பருவம் என்றொரு பருவம் வகுத்தனர். சிறுமியர் மணலிலே வீடு கட்டுவர். சிறுவன் காலாற் சிதைக்க வருவான். சிதைக்க வேண்டாமென்று அவர்கள் இரந்து கேட்பர். தமிழ்ப் புலவர் தெய்வங்களையும் இவ்வாறு வீடு சிதைக்கும் சிறுவராக்கிப் பாடி மகிழ்ந்தனர். ஆனால், அப்பருவப் பாடல்களுக்குத் தலைவன் சிதைக்கும் சிறுவனே, வீட்டைக் கட்டிய சிறுமி அல்லள். தமக்கையின் கண்ணீருக்கு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் மூன்று முறை மலையை நிமிர்த்தினாள். சின்னவனை எல்லோரும் சிரித்து மன்னித்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

பாலனுடைய சுரூபம் ஆச்சியின் தகப்பனார் காலத்தது. கையளவே இருக்கும். நத்தார் நள்ளிரவு வரை அதனைக் குடிலில் வைப்பதில்லை; பஞ்சிற் சுற்றி அலுமாரியின் கீழ்த்தட்டிலே வைத்திருப்பர். 24ஆந் திகதி மாலை விளக்கேற்றும் வேளையில் தமக்கை அலுமாரியைத் திறந்தாள். பஞ்சு இருந்தது, பாலன் இல்லை.

வீடு முழுவதும் தேடினார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், உரலிற் கைவிட்டார்கள், கேக் வந்த தட்டுக்களைக்கூட ஐயத்தோடு பார்த்தார்கள். "அவன்தான் எடுத்தவன். நத்தார் முடியுமட்டும் அவனைப் பெரியம்மா வீட்டிலே விடுங்கோ!" என்று தமக்கை நிலத்தில் இருந்து அழுதாள். தாய் அவளைத் தேற்றியவாறே திரும்பி, "அவன் எங்கே?" என்று கேட்டாள்.

ஒருவரும் விடை கூறவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரிடம் அவன் நிற்கின்றான் என்று எண்ணியிருந்தனர். பண்டிகை நாட்களில் வீடுகளில் நேர்வது இதுவே. ஆள் கூடக் கூடக் கண்கள் குறைகின்றன. பகலிற் குடிலுக்குத் தண்ணீர் மொண்டு போன பிள்ளைகள், கிணற்றடி வழியை மறித்து ஆச்சி வைத்திருந்த பலகையை நகர்த்தியிருந்தார்கள். அது வேலியோடு சாய்ந்து கிடந்தது.

தந்தையார் ஓடினார். மார்கழிக் கிணற்றில் நீர் மேலே ஏறிக் கட்டுக்குச் சமீபமாய் நின்றது. மழை தூறத் தொடங்கியது. கட்டின் மேற் குனிந்து பார்த்தார். இருட்டிலே ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டி நீரைத் துழாவினார். தாய் லாந்தருடன் ஓடி வந்தவள் இடைவழியிலே கால் எழாமல் நின்றுவிட்டாள். லாந்தர் வெளிச்சத்தில் நீரின்மேல் மழைத்துளி விழுந்த வட்டங்களைத் தவிர வேறொன்றும் காணப்படவில்லை. அதனால் மனம் ஆறிவிடுமா?

"தம்பி, இஞ்சை வாருங்கோ" என்ற ஆச்சியின் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. "சத்தம் போடாமல் வாருங்கோ."

அறையிலே கட்டிலின் கீழ், றங்குப்பெட்டிக்கும் சுவருக்கும் இடையிற் சின்னவன் இருந்தான். அவன் முன்னே தந்தையாரின் கறுத்தச் சப்பாத்து ஒன்று. அதற்குள்ளே பாலன், தலை ஒரு புறமாய்ச் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் தந்தையாரின் கைலேஞ்சி. சின்னவன் கைலேஞ்சியை இழுத்தான்; "தோ!" என்றான். மீண்டும் மூடினான். "இல்ல" என்றான். மறுபடி இழுத்தான்.

தந்தையார் நனைந்த உடையோடு சீமெந்துத் தரையிலே குப்புறப் படுத்தார். பேசவில்லை, கை நீட்டவுமில்லை. சின்னவன் அவரைப் பார்த்தான். பின்பு சப்பாத்தை இரு கையாலும் தூக்கி அவர் பக்கம் நகர்த்தினான். அவர் கைலேஞ்சியை விலக்கி, "தோ" என்று சொல்லித் திருப்பி நகர்த்தினார். இவ்வாறு மூன்று நான்கு முறை சப்பாத்துப் போய் வந்தது. அதன்பின் அவன் பெட்டியின் பின்னாலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, அவருடைய ஈர முகத்தைத் தன் உள்ளங்கையாற் தொட்டுப் பார்த்தான். அவர் மெல்ல எழுந்து இருந்தபோது மடியில் ஏறிக்கொண்டான். வாயிலில் நின்ற தாய் அப்போதுதான் அழுதாள்.

தமக்கைக்கு வேறொரு கவலை. சப்பாத்துக்குள் கிடந்த பாலனைக் குடிலில் வைக்கலாமா, அது பாவமாகாதா என்று ஆச்சியைக் கேட்டாள்.

"மாட்டுத் தொட்டிலிலே கிடந்தவருக்குச் சப்பாத்து ஒரு குறைவோ, பிள்ளை?" என்றார் ஆச்சி. சுரூபத்தை முந்தானையாற் துடைத்து அவள் கையிலேயே கொடுத்தார். அந்தத் துடைத்தலோடு விசாரணை முடிந்தது. பலகையை மாத்திரம் தந்தையார் அன்றிரவே ஆணி கொண்டு அறைந்து வைத்தார்.

நள்ளிரவுப் பூசைக்கு எல்லோரும் சென்றனர். வழிபாட்டிலே தாய்மொழிகளுக்கு இடமளித்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சாசனம் அம்மாதம் 4ஆந் திகதிதான் உரோமாபுரியில் வெளியாகியிருந்தது. அது கிராமத்துக் கோயில்களில் நடைமுறைக்கு வரவில்லை. குருவானவர் இலத்தீனிலேயே பூசை செய்தார். சின்னவன் தந்தையாரின் தோளிலே உறங்கினான். உன்னத கீதம் தொடங்கி, மணிகள் ஒலித்து, கோயிற் குடிலிற் பாலனை மூடியிருந்த துணி நீக்கப்பட்ட வேளையில், அவன் தலையை உயர்த்திப் பார்த்து "தோ!" என்று உரக்கச் சொன்னான். முன்வரிசைகளிலிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். தமக்கை அவனுடைய காலைக் கிள்ளினாள். அன்று அவளுக்கு அவ்வளவு உரிமை கொடுக்கலாம்.

அடுத்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சின்னவன் தந்தையாரை விட்டு நகரவில்லை. அவர் முகம் வழிக்கும்போது சவர்க்கார நுரையைத் தொட்டுத் தன் முகத்திற் பூசினான். விருந்துக்கு வந்தோர் முன்னே "அப்பா சொல்லு" என்று கேட்கப்பட்டபோது, அவரைச் சுட்டி "தோ" என்றான். விருந்தினர் குழந்தைகளைச் சொல் ஒப்பிக்கச் செய்து பார்ப்பது ஒரு கெட்ட வழக்கம். ஆயினும் அவ்விடை பிழையென்று எவராற் கூற இயலும்?

29ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தெல்லிப்பழைக்குச் செல்ல வாடகைக் கார் வந்து படலையடியில் நின்றது. தந்தையார் காரிலேறி, கையாற் தம் முகத்தை மூடி, திறந்து காட்டினார். ஆச்சியின் இடுப்பிலிருந்த சின்னவன் சிரித்தான். மறுபடி மூடினார். கார் புறப்பட்டது. சின்னவன் தெரு முடக்கைப் பார்த்துக்கொண்டு, அடுத்த "தோ"வுக்காக இருட்டும்வரை படலையடியைவிட்டு அசைய மறுத்தான்.

மறுநாட் காலை எழுந்ததும் கட்டிலின் கீழே போய்ப் பார்த்தான். றங்குப்பெட்டி இருந்த இடம் வெறுமையாய் இருந்தது. "இல்ல" என்று ஆச்சியிடம் வந்து சொன்னான். மறுபடியும் போய், தந்தையார் வீட்டுக்கென்று விட்டுச் சென்ற பழஞ்செருப்பு ஒன்றை இழுத்து எடுத்து, அதன்மேல் ஒரு வெங்காயத்தை வைத்து, துணியொன்றால் மூடினான். துணியை விலக்கிப் பார்த்து மூடுவதுமாக அன்று பகல் கழிந்தது. தாய் மத்தியானம் கொழும்புக்குக் கடிதம் எழுதினாள். அதன் அடியில், இடம் போதாமையால் ஓரமாய்ச் சரித்து, தமக்கை ஒரு வரி சேர்த்தாள்:

"சின்னவன் உங்கள் செருப்பை ஒருவருக்கும் தரமாட்டானாம். பாஸ்குவுக்கு வரும்போது வேறு செருப்புக் கொண்டு வாருங்கோ."